கரட்டில் ஓட ஒரு கணக்கு: தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைகளுக்கு

மலை ஓட்டம் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை சேறும் பனியும் உள்ள மலைகளுக்காக எழுதியவை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் சேறு வருடத்தில் சில வாரம்தான். இங்கே ஆளை மடக்குவது சரளை, முள், வெயில், யானை. அதனால் ஷூவில் தொடங்கி கிளம்பும் நேரம் வரை நமக்குக் கணக்கே வேறு.

முதலில் தரை. நம்ம ஊர்க் கரடுகள் பெரும்பாலும் கருங்கல் பாறை. வெயிலிலும் மழையிலும் பாறையின் மேல்தோல் உதிர்ந்து, 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான பரல்களாக அந்தப் பாறை மேலேயே தங்கிவிடும். களத்தில் கொட்டிய ராகி மேல் கால் வைப்பது போல, மிதித்ததும் உருளும். சுத்தமான காய்ந்த பாறை நன்றாகப் பிடிக்கும், செம்மண் மாட்டுத்தடம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே, பாறை மேல் மெல்லிசாகச் சரளை பரவிய இடத்தில்தான் விழுவார்கள். அங்கே காலை எட்டி வைக்கக்கூடாது. இடுப்புக்கு நேர் கீழே பாதம் இறங்க வேண்டும். குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றினால் எடை சாய்வாக விழும், பரல் உருளும், உட்கார்ந்து எழுவீர்கள்.

பாறையில் கருப்புக் கோடாக நீர் வழிந்த தடம் தெரியும். கோடையில் அதுதான் நல்ல வழி, மழைநீர் பரலை அடித்துக்கொண்டு போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே கோட்டில் பாசி பிடித்திருக்கும், காலே வைக்கக்கூடாது. ஒரே பாதை, ஆறு மாதத்தில் நேர்மாறு. மழை முடிந்த கையோடு புல்லும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கல்லை மறைத்துவிடும். அந்த நாட்களில் ஒத்தையடிப் பாதையை விட்டுவிட்டு வண்டிப்பாதையில் ஓடுவது நல்லது.

ஷூ வாங்கும்போது சோலின் பற்கள் 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்ட வேண்டாம். அது சேற்றுக்கு. கருங்கல்லில் உயரமான பற்கள் வளைந்து கொடுக்கும், சீக்கிரம் தேயும், கால் ஆடும். 3 முதல் 4 மில்லிமீட்டர் போதும். பற்களைவிட ரப்பர் முக்கியம்: நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும் மென்மை வேண்டும். அடுத்தது முள். சீமைக்கருவேல முள் மெல்லிய சோலைத் தாராளமாகத் துளைத்துவிடும். சோலுக்குள் பிளாஸ்டிக் தகடு வைத்த மாடல்கள் இருக்கின்றன, இந்தப் பக்கம் ஓடுபவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. கைப்பையில் ஒரு ஊக்கும் சின்ன இடுக்கியும் எப்போதும் இருக்கட்டும். பருத்தி சாக்ஸ் வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு கொப்புளம் கிளப்பும். கணுக்காலை மூடும் உயரமான சாக்ஸ் என்றால் புல்விதையும் பரலும் உள்ளே இறங்குவது பாதி குறையும்.

அளவு பார்ப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், பாதம் அப்போதுதான் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி விரல் நுனி இடிப்பதால்தான் நகம் கருக்கிறது. அதைத் தடுக்கப் பெரிய ஷூ மட்டும் போதாது, குதிகாலைப் பின்னால் பூட்ட வேண்டும். ஷூவின் மேல்நுனியில் யாரும் பயன்படுத்தாத ஒரு கூடுதல் ஓட்டை இருக்கிறதே, அது இதற்குத்தான். லேஸை அதே பக்கத்து மேல் ஓட்டைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் செய்யுங்கள், மறுபக்கமும் அப்படியே. பிறகு இடது லேஸை வலது வளையத்திலும் வலது லேஸை இடது வளையத்திலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். கணுக்கால் பகுதி இறுகும், விரல் பகுதி தளர்வாகவே இருக்கும்.

இனி தூரம். தட்டையான சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓடுபவர் அதே கணக்கை மலைக்குக் கொண்டுவந்தால் பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுவார். மலை ஓட்டக்காரர்களின் எளிய கணக்கு: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் கூடுதலாக ஒரு கிலோமீட்டராக எடுத்துக்கொள்வது. போக வர 12 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 400 மீட்டர் என்றால் உழைப்பு 16 கிலோமீட்டர் அளவு. அந்த ஏழு நிமிடக்காரருக்குச் சுமார் 1 மணி 52 நிமிடம்.

ஆனால் தண்ணீரையும் சாப்பாட்டையும் இந்த நேரத்தை வைத்து எடுத்துப் போகக்கூடாது. கால் பிசகினால் நடந்துதான் திரும்ப வேண்டும். அதற்கு 1892ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன பழைய விதி இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதே பாதை நடையில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் 'திரும்பும் நேரம்' இதுவாக இருக்கட்டும். மலை மடிப்புகளில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். எந்தப் பாதை, எப்போது திரும்புவேன் என்று ஒரு ஆளிடம் சொல்லி வைப்பதும், வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைப்பதும் சின்ன வேலைதான்.

ஏற்றத்தில் நடப்பது அவமானம் இல்லை. 100 மீட்டருக்கு 15 மீட்டருக்கு மேல் ஏறும் சரிவில், நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு ஓட்டமும் வேகநடையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் மேலே கொண்டு சேர்க்கும். ஓட்டம் மட்டும் தொடையையும் மூச்சையும் கூடுதலாகக் கேட்கும். நடக்கும்போது உள்ளங்கையை முழங்காலுக்குச் சற்று மேலே வைத்து, அந்தக் கால் நிமிரும் நேரத்தில் கையால் கீழே அழுத்துங்கள். முதுகைக் கூன் போடாமல் இடுப்பிலிருந்து சாயுங்கள். கூட ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தையில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம்.

காயம் படுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. தசை இழைகள் நுண்ணியதாகக் கிழிவது அந்த வேலையில்தான். வலி அன்றைக்குத் தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும், படி இறங்க முடியாது. நல்ல செய்தி, ஒருமுறை அளவாக இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும். அதனால் முதல் நாளே முழு மலையையும் ஓடி இறங்க வேண்டாம். ஏறும்போது நடந்து, இறங்கும்போது பத்து நிமிடம் மட்டும் ஓடி, மீதியை நடந்து இறங்குங்கள். அடுத்த வாரம் பதினைந்து நிமிடம்.

இறங்கும் முறை: கண் 3 முதல் 5 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும், ஷூ நுனியில் அல்ல. எடுத்து வைக்கும் அடி சின்னது, வேகமானது. முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியிருக்கட்டும். கைகளைச் சமநிலைக்கு விரித்துக்கொள்ளுங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போட்டால் சரளையில் வழுக்கும், பாறையில் முழங்காலுக்கு அடி போகும். கணுக்கால் பிசகுவது அநேகமாகக் கடைசிக் கிலோமீட்டரில், அடிவாரத்துக் கொட்டாய்கள் கண்ணில் பட்ட பிறகுதான். தொடை களைத்திருக்கும், கவனம் டீக்கடைக்குப் போயிருக்கும்.

பிசகிவிட்டால் ஷூவைக் கழற்ற வேண்டாம், வீங்கியபின் திரும்ப மாட்ட முடியாது. நான்கு அடி எடுத்து வைத்துப் பாருங்கள். நான்கடிகூட எடை தாங்கவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்புப் புடைப்பின் பின்விளிம்பில் அழுத்தும்போது கூர்மையாக வலித்தாலோ எக்ஸ்ரே அவசியம். வெறும் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது உடைந்த எலும்புக்கு ஆகாது.

தண்ணீருக்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓடுவதற்கு முன் குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் காலை நேரத்தில் தட்டையான இடத்தில் ஓடி, வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. அதில் பாதியிலிருந்து முக்கால் பங்கு ஓடும்போதே குடித்தால் போதும். முழுவதையும் ஈடுகட்ட முயன்று வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்: குமட்டல், தலைவலி, விரல் வீக்கம், முற்றினால் வலிப்பு. தாகத்தைக் கேட்டுக் குடிப்பதே பாதுகாப்பு.

இரண்டு அரை லிட்டர் பாட்டிலில் ஒன்று வெறும் தண்ணீர், ஒன்று உப்புநீர். வீட்டிலேயே கலப்பதென்றால் ஒரு லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்பு (சுமார் 1.5 கிராம், அதில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம்), 25 முதல் 30 கிராம் சர்க்கரை அல்லது வெல்லம், ஒரு எலுமிச்சை. ஓ.ஆர்.எஸ். வாங்கினால் உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்ட 20.5 கிராம் பொட்டலம். அதை முழு ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கெட்டியாகக் கலந்தால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கிவிடும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். மூன்று கடலை மிட்டாய்த் துண்டும் ஒரு வெல்லக் கட்டியும் பாக்கெட்டில் போட்டால் வேலை முடிந்தது, விலை உயர்ந்த ஜெல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ராகி களி அருமையான உணவு, முந்தின நாள் மதியத்துக்கு. நார்ச்சத்து அதிகம் என்பதால் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு உள்ளே போனால் ஏற்றத்தில் கல்லாக உட்காரும். காலையில் வேண்டுமானால் நீர்க்கத் தெளிந்த ராகிக் கூழ் ஒரு டம்ளர்.

வெயிலில் ஓடும்போது ஒருவர் உளறினால், தள்ளாடினால், பதில் சொல்ல மறந்தால் அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. நிழலில் படுக்க வைத்து, கையில் உள்ள தண்ணீரை எல்லாம் தலை, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஊற்றி விசிறுங்கள். குளிர்விப்பதை முதலில் தொடங்கிவிட்டு 108ஐ அழையுங்கள். சுயநினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

எப்போது, எங்கே ஓடுவது என்பதில்தான் நம் பகுதிக்குரிய சிக்கல். வெயில் 'இருட்டிலேயே கிளம்பு' என்கிறது. காடு 'விடியும்வரை வராதே' என்கிறது. இரண்டும் சரிதான். கரடி அதிகாலையிலும் அந்தியிலும் நடமாடும், காற்று எதிராக அடித்தால் நீங்கள் வருவது அதற்குத் தெரியாது. யானைகள் பன்னார்கட்டா பக்கத்திலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடுகளுக்கு இறங்குவது அக்டோபர் தொடங்கி. அது ராகி முற்றும் காலம், வயலுக்கு வரும். ஓடுவதற்கு அருமையான குளிர்மாதங்களும் அவையேதான்!

இன்னொரு ஆபத்து மனிதர் வைப்பது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே விவசாய நிலத்தில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. யானையைச் சாய்க்கும் கம்பி மனிதனை விடுமா? காட்டோர வயல்களுக்குள் இருட்டில் குறுக்குவழி போகவே கூடாது.

ஆகவே காலத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். கோடையில் ஊரை ஒட்டிய இடங்கள்: ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி கோட்டை மலைகள், ஊர்க்கரடு, ஏரிக்கரை. வெளிச்சம் வந்ததும் தொடங்கி எட்டு மணிக்குள் இறங்கிவிடலாம். இரண்டு கோட்டைகளும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை, ராயக்கோட்டையை 1791ல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பீரங்கி சுமந்து ஏறியவர்களை நினைத்தால் நம் அரை லிட்டர் பாட்டில் கனக்காது. படி ஏறிப் பழகத் தீர்த்தமலை நல்ல இடம், ஆனால் கோயில் கூட்டம் உள்ள நாளில் அங்கே ஓடுவது மரியாதை இல்லை. வத்தல்மலை, பெட்டமுகிலாளம் போன்ற மலைமேல் ஊர்களுக்கு ஏறும் தார்ச்சாலைகளைக் குளிர்மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பெட்டமுகிலாளம் பக்கம் காடு நெருக்கம் என்பதால் அங்கே நன்றாக விடிந்தபின், கூட்டமாக. 1000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்ற கணக்கில், தர்மபுரி நகரத்தைவிட வத்தல்மலை உச்சி மூன்று நான்கு டிகிரி இதமாக இருக்கும். மேலே காப்பியும் மிளகும் வளர்வது அதனால்தான்.

மலைச்சாலையில் வலது ஓரம், வண்டியை எதிர்கொண்டு ஓட வேண்டும். ஒரே விதிவிலக்கு உங்களுக்கு வலப்புறம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு. உள்ஓரத்தை ஒட்டி இறங்கும் வண்டிக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். வளைவுக்கு 30 மீட்டர் முன்பே இடப்பக்கம் மாறி, வெளிவட்டத்தில் சுற்றி, நேரானதும் திரும்பி வாருங்கள். காதில் இயர்போன் வேண்டாம்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2014ல் அறிவித்த காவேரி வடக்கு சரணாலயம் ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர், 2022ல் வந்த காவேரி தெற்கு சுமார் 686. மேலகிரி மலைத்தொடரில் நீங்கள் பார்க்கும் அழகான பாதைகளில் பல இவற்றுக்குள் போகின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் இறந்ததற்குப் பிறகு விதிகள் இறுகின. முறையாகப் போக விரும்புபவர்களுக்கு 2024ல் வந்த 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் சிகரம், அய்யூர் – சாமி ஏரி பாதைகள் அதில் உண்டு. வழிகாட்டியோடு நடைதான், ஓட்டம் இல்லை. தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். அடிவாரத்தில் ஆடு ஓட்டிப் போகும் பெரியவரிடம், "ஐயா, மேல யானை கீனை நடமாட்டம் இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவது எந்தச் செயலியையும்விட நம்பகமானது. "இன்னைக்கு வேணாம் சாமி" என்று அவர் சொன்னால் திரும்பிவிட வேண்டும், விவாதம் கூடாது.

பாறையில் மலைத்தேனீ அடை தொங்கினால் அந்தப் பக்கம் வாசனைத் தைலம், சத்தம், புகை எதுவும் ஆகாது. கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், நிற்காமல். கரடுகளில் சுருட்டை விரியன் கல்லிடுக்கில் கிடக்கும், சின்னது, நிறம் பாறையோடு ஒத்துப்போகும். பார்க்காத இடத்தில் கையை ஊன்றி ஏறாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசு, ஷூவைக் கழற்றிவிட்டு, அந்த உறுப்பை மடக்காமல் அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கி இறக்கி, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக அவசியமே இல்லை.

இவ்வளவு தொல்லைக்கு எதற்கு மலை, டிரெட்மில் போதாதா? இதயத்துக்கு மட்டும் என்றால் போதும். மனசுக்குப் போதாது. 2015ல் கிரெகரி பிராட்மனும் சகாக்களும் அமெரிக்காவில் ஒரு குழுவைப் பசும்புல்வெளியில் 90 நிமிடம், இன்னொன்றை நெரிசல் சாலையோரம் 90 நிமிடம் நடக்க வைத்தார்கள். புல்வெளியில் நடந்தவர்களுக்கு, கவலையையே திரும்பத் திரும்ப அரைக்கும் எண்ணம் குறைந்தது, அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்தது. 2019ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள் நல்ல உடல்நலமும் மனநிறைவும் சொல்வது அதிகமாக இருந்தது. ஒரே தடவையாக இருந்தாலும் பிரித்து எடுத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லும் வகை ஆய்வு அல்ல, ஆனால் அளவு வைத்துக்கொள்ள உதவும்.

ஓசூர் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு இது நல்ல செய்தி. வருடத்துக்கு ஒரு பெரிய மலைப் பயணத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள் கெலவரப்பள்ளி அணைப் பக்கமோ வீட்டருகே ஏரிக்கரையிலோ அரை அரை மணி, ஞாயிறன்று கரட்டில் ஒன்றரை மணி: 150 நிமிடம் வந்துவிடுகிறது. ஒன்று மட்டும் உண்டு. சரளையில் ஓடும்போது கண் முழுக்கத் தரையில்தான் இருக்கும், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியாது. அதனால் உச்சியில் கால் மணி நேரம் உட்காருவதையும் பயிற்சித் திட்டத்தில் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் கைக்கடிகாரத்தை நிறுத்திவிட்டால் சராசரி வேகமும் கெடாது, கவலை வேண்டாம். ஏப்ரல், மே மாலைகளில் மட்டும் உச்சியில் உட்காராதீர்கள். கோடை இடி திடீரென வரும், மொட்டைப் பாறைமேல் உயரமான பொருள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

வீடு வந்ததும் துணியை வெந்நீரில் போடுங்கள், முழங்கால் பின்புறம், இடுப்பு மடிப்பு, அக்குளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். புதரில் ஓடிய ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது மாதிரி கருப்புப் பொருக்கு தெரிந்தால் மருத்துவரிடம் 'புதர்க்காட்டுக்குப் போனேன்' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்) என்று தெரிந்தால் மாத்திரையில் குணமாகும், டெங்கு என்று நினைத்துக் காத்திருந்தால் முற்றும். இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு நேராக மலைக்குப் போகும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுங்கள். தூங்காத காலுக்குக் கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது, திரும்பும்போது பைக் ஓட்ட வேண்டியதும் நீங்கள்தான்.